துளையிட்ட பியாஸ்த்ர்

பழைய வெள்ளி நாணயம் வாங்கப் போகிறவர்கள் முதலில் மயங்குவது பளபளப்பில்தான். முதலில் சந்தேகப்பட வேண்டியதும் அதைத்தான்.

நான் வெகுநாளாகத் தேடியது பிரெஞ்சு இந்தோசீனாவின் பியாஸ்த்ர். 1885 முதல் 1928 வரையிலான ஆண்டுகளைத் தாங்கி வந்த பெரிய வெள்ளிக் காசு. புதுச்சேரியிலிருந்து சைகோனுக்கு உத்தியோகத்துக்குப் போனவர்கள் அநேகர். என் தாத்தாவும் ஒருவர். அவர் கொண்டுவந்த காசுகளை அத்தை கல்யாணத்துக்கு உருக்கிப் பாத்திரமாக்கிவிட்டார்கள். ஒன்றுகூட மிஞ்சவில்லை.

சென்ற மாதம் பழைய சாமான் வியாபாரி ஒருவர் இரண்டு காசுகளை எடுத்து வைத்தார். ஒன்று கண்ணாடிபோல் மின்னியது. மற்றது கறுத்துப்போய், உட்கார்ந்திருக்கும் சுதந்திர தேவியின் தலைக்கு மேலே ஒரு துளையுடன் இருந்தது. மின்னியதற்கு இரண்டு மடங்கு விலை.

மின்னிய காசை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். ஒரே திசையில் மெல்லிய கீறல்கள். எழுத்துகளின் இடுக்கில் மட்டும் பழைய கறுப்பு. யாரோ பொடி போட்டுத் தேய்த்திருக்கிறார்கள். அச்சில் அழுத்தும்போது உலோகம் ஓடிப் படிவதால் நுண்ணிய வரிகள் உண்டாகும். புதுக் காசைத் திருப்பும்போது ஒளி சுழல்வது அவற்றால்தான். தேய்த்தால் அந்த வரிகள் போய்விடும். பிறகு எத்தனை வருஷம் கறுத்தாலும் பழைய மேற்பரப்பு திரும்பாது. கறுப்போ, காற்றிலுள்ள கந்தகம் வெள்ளியின்மேல் படிவது. அதனால் பெரிய கெடுதல் இல்லை.

காசின் பின்புறத்தில் 'தித்ர் 0,900, புவா 27 கிராம்' என்று பிரெஞ்சில் பொறித்திருக்கிறது. தித்ர் என்றால் தலைப்பு என்றுதான் பள்ளியில் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். காசில் அது மாற்று. புவா என்பது எடை. ஆயிரத்தில் 900 பங்கு வெள்ளி, அதாவது முழுக் காசில் 24.3 கிராம். 1895-க்கு முந்தியவற்றில் எடை 27.215 கிராம். 1931-இல் வந்த பியாஸ்த்ர் 20 கிராம்தான். எடை குறைகிறதே என்று அதைப் போலி என்று ஒதுக்கிவிடக் கூடாது.

பக்கத்துப் பட்டறைத் தராசில் வைத்தோம். துளையுள்ளது 26.6 கிராம். துளைக்கும் தேய்மானத்துக்கும் அந்தக் குறைவு சரிதான்.

சேகரிப்பவர்கள் கணக்கில் இரண்டுமே பழுதுபட்டவை. ஆகவே இரண்டுக்கும் வெள்ளி விலைக்கு மேல் அதிகம் கொடுப்பது நியாயமில்லை. நாளைக்கு விற்கலாம் என்ற எண்ணம் இருந்தால் இரண்டையும் விட்டுவிட்டு, தேய்க்காத, துளைக்காத காசுக்குக் காத்திருப்பதே புத்திசாலித்தனம். எனக்கு விற்கும் எண்ணம் இல்லை. தேய்த்தவர் அழித்தது காசின் வயதை. துளைத்தவர் அதைக் கயிற்றில் கோத்து ஒரு குழந்தையின் கழுத்திலோ இடுப்பிலோ கட்டியிருப்பார். துளையின் மேல்விளிம்பு கயிறு பட்டு வழவழப்பாகியிருந்தது. நெடுநாள் ஒருவர் உடம்போடு கிடந்த காசு அது.

வெள்ளி விலை கொடுத்துத் துளையுள்ளதையே வாங்கினேன்.

வீட்டுக்கு வந்ததும் மருமகள் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "மாமா, புளி போட்டுத் துலக்கித் தரட்டுமா?" என்றாள்.

"வேண்டாம்மா, அப்படியே இருக்கட்டும்" என்றேன். இப்போது ஒரு காகித உறையில், தாத்தாவின் பழைய பாஸ்போர்ட்டோடு இருக்கிறது.