பம்பர்

கரடியூரிலிருந்து ஏற்காடு வழியாகச் சேலம் இறங்கினால் இருபது கொண்டை ஊசி வளைவுகள். ஒன்றில் அப்பா அம்பாஸிடரைச் சுவரில் இடித்தார். இடது முனையில் பம்பரும் பின்னாலிருந்த தகடும் சேர்ந்தே மடங்கின. வீட்டில் யாரும் அதைப் பேசவில்லை.

அவர் போனபின் சேலத்துப் பட்டறையில் டிங்கரிங் செய்து, பட்டி பார்த்து, பெயிண்ட் அடித்தேன். பம்பர் மாட்டுவதுதான் கடைசி வேலை. பெயிண்ட் கீறாமலிருக்கத் துணி சுற்றி, ஆளுக்கொரு முனை தாங்கி, போல்ட்டுகளைக் கையாலேயே திருகி, மட்டம் பார்த்தபின் முடுக்க வேண்டும். இடது பக்கம் உட்காரவில்லை. தகட்டை மட்டும் நிமிர்த்தியிருக்கிறோம். (பழைய கவிதைகளைத் திருத்திப் பதிப்பிப்பவர்களுக்கும் இது நேர்வதுண்டு.)

"தட்டி நேராக்கிரலாம் சார். குரோமியம் கொஞ்சம் உதிரும்."

2014-ல் உற்பத்தி நின்ற வண்டி. பழைய சாமான் கடையில் வேறு பம்பர் தேடலாம்தான். வாஷர் கொடுத்துத் தள்ளி மாட்டச் சொன்னேன்.

"ஒரு விரல் சந்து தெரியும் சார்."

"தெரியட்டும்."

மெக்கானிக் வாஷர் டப்பாவைத் தேடப் போனார்.