கத்தி போகும் பாதை

கட்டிங் பிளாட்டரின் கத்திக்கு நிறம் தெரியாது, நிழல் தெரியாது. அதற்குத் தெரிந்தது பாதை ஒன்றுதான். மதுரையில் ஆட்டோவுக்கும் வேனுக்கும் ரேடியம் ஸ்டிக்கர் வெட்டிக் கொடுக்கும் ஒரு கடையில் உட்கார்ந்து பார்த்தபோது, அந்தப் பாதையைப் போடுவதில்தான் தொழிலின் பாடெல்லாம் இருக்கிறது என்று புரிந்தது.

அன்று வாட்ஸ்அப்பில் வந்திருந்தது கருப்பசாமி. திருவிழா நோட்டீஸை யாரோ போனில் படமெடுத்து, அது பல கைமாறி வந்திருந்தது. கோரல் டிரா மென்பொருளில் பெரிதாக்கியதும் சாமியின் மீசை சாம்பல் நிறக் கட்டங்களாகிவிட்டது. எது மீசை, எது தாளின் மடிப்பு என்று எனக்குப் பிடிபடவில்லை.

“தானா ட்ரேஸ் எடுக்கிற வசதி இருக்கே, அதுல போட்டா ஆகாதாண்ணே?”

“ஆகும் சார். உரிக்கும்போது தெரியும்.”

கடைக்காரர் போட்டும் காட்டினார். நொடியில் உருவம் வந்தது. ஆனால் விளிம்பெங்கும் நோடுகள், அதாவது பாதையின் புள்ளிகள், மொய்த்தன. படத்திலிருந்த தூசியையும் மென்பொருள் சாமியின் அங்கமாக எடுத்துக்கொண்டிருந்தது. நோடுக்கு நோடு கத்தி திரும்பினால் விளிம்பு பிசிறடிக்கும். வேண்டாத வினைலை ஊசியால் கிளப்பி உரிக்கும்போது மெல்லிய பகுதிகள் கூடவே கிழிந்து வரும். ரேடியம் தடிமனாக இருப்பதால் அதில் இன்னும் சிரமம்.

அதை அழித்துவிட்டுக் கையால் தொடங்கினார். வளைவு திசை மாறுகிற இடத்தில் மட்டும் ஒரு நோடு. அதன் கைப்பிடியை இழுத்து வளைவைச் சரிப்படுத்துவது. முழு வட்டத்துக்கே 4 நோடு போதும் என்றார். சிட்ரோயனில் பால் தெ காஸ்தல்ஜோவும் ரெனோவில் பியேர் பெஸியேவும் கார் உடம்பின் வளைவுகளுக்காகத் தனித்தனியே கண்ட கணக்குதான் இந்த நோடு-கைப்பிடி வளைவு. இன்று ஆட்டோவின் பின்கண்ணாடிச் சாமி வரை வந்திருக்கிறது.

அரிவாள் நுனி படத்தில் இல்லவே இல்லை, மங்கிப் போயிருந்தது. அவர் தயங்காமல் வளைத்து முடித்தார். ஊர்க் கோயிலில் சிறு வயதிலிருந்து பார்த்த அரிவாளாம். ஒரே நிறத்தில் வெட்டுவதால் கண்ணில் எதை விடுவது, எதை எடுப்பது என்பதையும் அவரேதான் தீர்மானிக்க வேண்டும். கீழே எழுத்துகள் போடும்போது ‘ண’வின் சுழிகளைச் சற்றே அகலப்படுத்தினார், இல்லாவிட்டால் உள்ளே இருக்கும் துணுக்கு உரிபடாது. இதை நகலெடுப்பு என்று என்னால் சொல்ல முடியவில்லை. இது ஓவிய வேலை.

கூலியோ ஸ்டிக்கரின் அளவைப் பொறுத்தது. மீசைக்கு மட்டும் அரை மணி நேரம் போனது எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை. ட்ரேஸுக்குத் தனிக் கூலி வாங்குவதுதான் நியாயம் என்றேன். கேட்டுப் பார்த்திருக்கிறாராம்.

“‘படத்தத்தான் நானே அனுப்பிட்டேனே, அப்புறம் எதுக்குக் காசு’ன்றாங்க சார்.”