மட்டாஞ்சேரி: மூடிய தெருவும் மூடாத நோட்டும்

தெருவில் உட்கார்ந்து படம் வரைகிறவர்களின் செல்ல ஊர் இது. 2020-ல் தெருவுக்கே தடை வந்தபோது அந்தப் பழக்கம் ஜன்னலோரம் நகர்ந்தது.

மட்டாஞ்சேரியில் படம் வரைகிறவர்களைத் தேடிப் போக வேண்டியதில்லை. யூதத் தெருவின் ஏதாவது ஒரு கடைப் படியில், மடியில் நோட்டும் கையில் பேனாவுமாக ஒருவராவது உட்கார்ந்திருப்பார். எதிரே 1568-ல் கட்டப்பட்ட பரதேசி யூதர் ஜெபாலயம். அதன் பக்கத்தில் 1760-ல் எசக்கியேல் ரஹாபி என்ற வணிகர் எழுப்பிய மணிக்கூண்டு. பஜார் ரோட்டுப் பக்கம் திரும்பினால் ஓட்டுக்கூரைக் கிடங்குகள், சுக்கும் மிளகும் கலந்த நெடி, மூட்டை ஏற்றிய தள்ளுவண்டிகள், யாருக்கும் வழிவிடாத ஆடுகள். நேரான சுவர் ஒன்றைக்கூடப் பார்ப்பது கடினம். புதிதாக வரையப் பழகுகிறவர்களுக்கு இது பெரிய சௌகரியம். கோடு கொஞ்சம் கோணினாலும் ஊர் கோபித்துக் கொள்ளாது.

மனிதர்களும் கலவைதான். கொங்கணிகள், குஜராத்திகள், கச்சி மேமன்கள், தமிழர்கள் என்று தெருவுக்குத் தெரு பேச்சு மாறும். சற்றுத் தள்ளி, ஃபோர்ட் கொச்சியின் வேளிப் பகுதியில் உள்ள டோபி கானாவில் துணி வெளுப்பவர்கள், தலைமுறைகளாக அங்கேயே வாழும் தமிழ் வண்ணார்கள். கொடிகளில் வரிசையாகக் காயும் வெள்ளைத் துணிகளைக் கறுப்பு மையில் கொண்டுவருவது ஓவியர்களுக்குப் பிடித்த சவால்.

இந்தச் சந்தடி 2020 மார்ச்சில் அடங்கியது. இந்தியாவின் முதல் கோவிட் நோயாளி அந்த ஆண்டு ஜனவரி 30 அன்று கேரளத்தின் திருச்சூரில்தான் கண்டறியப்பட்டார். மார்ச் 17 முதல் தொல்லியல் துறையின் நினைவுச் சின்னங்கள் மூடப்பட்டன. மட்டாஞ்சேரி அரண்மனையும் அதில் ஒன்று. மார்ச் 25 அன்று நாடே அடைபட்டது. மார்ச் 28 அன்று கேரளத்தின் முதல் கோவிட் மரணம் பதிவானது. இறந்தவர் மட்டாஞ்சேரிக்காரர். அதன் பிறகு இந்த ஊருக்கு நோய் என்பது தொலைக்காட்சிச் செய்தி அல்ல, பக்கத்துத் தெரு விஷயம். நாட்டின் பிற பகுதிகளில் கட்டுப்பாடுகள் தளர்ந்துகொண்டிருந்த ஆகஸ்டிலும் மேற்குக் கொச்சியின் பல வார்டுகள் மீண்டும் அடைக்கப்பட்டன.

உயிர் பயத்துக்கு நடுவில் படம் வரைவது ஒரு பெரிய பிரச்னையா? இல்லைதான். ஆனால் தினமும் வரைகிறவருக்கு அது ஏறக்குறைய உடற்பயிற்சி மாதிரி. பத்து நாள் விட்டால் கை மரத்துப்போகும், அதற்கு முன்பே கண் மரத்துப்போகும். தவிர, தெரு ஓவியர்களுக்கு ஒரு கொள்கைச் சிக்கலும் இருந்தது. அமெரிக்காவின் சியாட்டில் நகரப் பத்திரிகையாளர் கேப்ரியல் கம்பனாரியோ 2007-ல் தொடங்கி வைத்த 'அர்பன் ஸ்கெட்ச்சர்ஸ்' இயக்கத்தின் முதல் விதி, நேரில் பார்த்து, அந்த இடத்திலேயே வரைய வேண்டும் என்பது. 2020 ஏப்ரலில் ஹாங்காங்கில் நடக்கவிருந்த அவர்களது உலக மாநாடே நடக்கவில்லை. வெளிநாட்டில் பலர் கூகுளின் தெருக்காட்சிப் படங்களில் உலாவி, போகாத ஊர்களை வரைந்து தள்ளினார்கள். இந்தியத் தெருக்களுக்கு அந்த வசதி 2022 ஜூலையில்தான் வந்தது.

ஆனால் அந்த விதியில் ஒரு சலுகை ஒளிந்திருந்தது. இடம் என்றால் வீட்டுக்கு வெளியே என்று அது சொல்லவில்லை. எனவே உலகெங்கும் குக்கர், செருப்பு, ஆணியில் தொங்கும் முகக்கவசம், மதியம் தூங்கும் தாத்தா எல்லாம் நோட்டுக்குள் வந்தன. கேரளத்தில் அரசு வீட்டுக்கு வீடு கொடுத்த மளிகைப் பை ஒன்று போதும், ஒரு வாரத்துக்கு வரைய. மட்டாஞ்சேரிச் சந்துகளில் வீடுகள் தோளோடு தோள் உரசி நிற்பவை. மாடி ஜன்னலைத் திறந்தால் எதிரே ஓட்டுக்கூரை, காகம், பூனை, கொடித் துணி. ஜூன் மாதம் வந்துவிட்டால் மழை. ஓடுகளை ஒவ்வொன்றாக எண்ணி வரைந்தால் படம் செத்துப்போகும். எங்கே வரையாமல் விடுவது என்று கற்றுக்கொள்ள அந்தக் கூரையைவிட நல்ல வாத்தியார் கிடையாது. கீழே கடை வாசலில் வாடிக்கையாளர்கள் தள்ளி நிற்பதற்காகச் சுண்ணாம்பில் போட்ட வட்டங்கள். அந்த ஆண்டு ஊர் முழுவதும் வரையப்பட்ட ஒரே பொது ஓவியம் அதுதான். அரிசிக் கடைகள் திறந்த அளவுக்கு ஓவியச் சாமான் கடைகள் திறக்கவில்லை. காலண்டரின் பின்பக்கம் காகிதமாகவும், காப்பி டிகாக்‌ஷனும் மஞ்சள் தூளும் வண்ணமாகவும் வேலை செய்தன.

இருந்த இடத்திலிருந்து வரைவது கொச்சிக்குப் புதிதல்ல. 1670-களில் டச்சுத் தளபதி வான் ரீடு இங்கேதான் 'ஹோர்ட்டுஸ் மலபாரிக்குஸ்' என்ற தாவர நூலைத் தயாரிக்கத் தொடங்கினார். செடிகொடிகளைக் காட்டிலிருந்து பறித்து வர ஆட்கள் இருந்தார்கள். ஓவியர்கள் அவை வாடுவதற்குள் வரைந்தார்கள். இட்டி அச்சுதன் போன்ற உள்ளூர் வைத்தியர்கள் பெயரும் குணமும் சொன்னார்கள். 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகளாக வெளிவந்த அந்த நூலின் படங்களைத் தாவரவியலாளர்கள் இன்றும் புரட்டுகிறார்கள். 1555-ல் போர்ச்சுக்கீசியர் கட்டிக்கொடுத்த மட்டாஞ்சேரி அரண்மனையில் ராமாயணச் சுவரோவியங்களைப் பார்க்கக் கூட்டம் நெரியும். அங்கேயே வண்ணம் ஏறாமல் வெறும் கோடுகளாக நின்றுபோன ஓவியங்களும் உண்டு. வரைகிறவர்கள் அதிக நேரம் நிற்பது அவற்றின் எதிரில்தான். கை எங்கே தயங்கியது, எங்கே துணிந்தது என்பது அங்கே தெரியும்.

2020 வசந்தத்தில் பிரெஞ்சு கிராமப்புறமான நார்மண்டியில் அடைபட்ட பிரிட்டிஷ் ஓவியர் டேவிட் ஹாக்னி, எண்பது வயதைத் தாண்டிய நிலையில், தன் வீட்டைச் சுற்றியிருந்த மரங்களை ஐபேடில் வரைந்தார். அடுத்த ஆண்டு லண்டனில் காட்சிக்கு வந்தவை 116 படங்கள். கொச்சியில் 2020 டிசம்பரில் நடக்க வேண்டிய பினாலே கலை விழா இரண்டு ஆண்டுகள் தள்ளிப்போய் 2022 டிசம்பரில்தான் நடந்தது. நடுவில், 2021 ஏப்ரலில், 267 மலையாளி ஓவியர்களின் படைப்புகளோடு ஆலப்புழையில் 'லோகமே தறவாடு' கண்காட்சி திறந்தது. இரண்டாவது அலை அதையும் சில நாட்களில் மூடவைத்தது. மறுபடி திறக்க ஆகஸ்ட் ஆயிற்று.

அந்த ஆண்டின் காலியான யூதத் தெருவுக்குப் புகைப்படங்கள் நிறைய உண்டு. எல்லாவற்றிலும் வெறுமை ஒன்றுதான். ஜன்னலோர நோட்டுகளில் இருப்பது வேறு: ஒவ்வொரு பக்கத்தின் மூலையிலும் ஒரு தேதி, அன்றைக்கு என்ன காய்ந்தது, என்ன சமைத்தார்கள், யார் தூங்கினார்கள். மட்டாஞ்சேரிக்கு இந்தக் கணக்கு முக்கியம். மனிதர்கள் சத்தமில்லாமல் குறைந்துகொண்டே வரும் ஊர் அது. யூதத் தெருவில் பூத்தையல் கடை வைத்திருந்த சாரா கோஹன் 2019 ஆகஸ்டில், 96 வயதில் மறைந்தார். 2024 ஆகஸ்டில் குவீனி ஹல்லேகுவா போனார். கட்டிடங்களைக் காக்கத் துறைகள் இருக்கின்றன. ஜன்னலில் தெரிந்த சாதாரண நாளைக் காக்க எந்தத் துறையும் இல்லை.

கடைப் படிகளில் இப்போது மறுபடி இடம் பிடிக்க வேண்டியிருக்கிறது. மணிக்கூண்டை வரையப் போட்டி அதிகம். எதிர்வீட்டுக் கொடியை வரைய மட்டும் இன்னும் யாரும் வரிசையில் நிற்பதில்லை.