எச்சரிப்பைக் கேட்ட தீவுகள்



பேரழிவுச் செய்தி வரும்போதெல்லாம் சபையார் என்னிடம் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "ஐயா, ஆண்டவர் இதை ஏன் அனுமதித்தார்?" அக்கேள்வியை நான் ஒருபோதும் தள்ளிவிடுவதில்லை. ஆயினும் அதனோடுகூட மற்றொன்றையும் கேட்டுப் பழகும்படி உங்களை வேண்டுகிறேன்: எச்சரிப்பு வந்தபோது மனிதர் என்ன செய்தார்கள்? அதற்காக இவ்வாரம் தென் பசிபிக் பெருங்கடலிலுள்ள வனுவாட்டு என்னும் நாட்டைச் சற்றுச் சிந்திப்போம்.

ஆஸ்திரேலியாவுக்குக் கிழக்கே ஏறத்தாழ 80 தீவுகளாகச் சிதறிக் கிடக்கும் சிறிய நாடு அது. மக்களில் பெரும்பாலோர் கிறிஸ்தவர்கள். தோட்டத்துக் கிழங்கும் வாழையும் கடல் மீனுமே பலருடைய அன்றாட ஆகாரம். தேவனில் நாம் நிலைநிற்கிறோம் என்னும் பொருளுடைய வாசகத்தை அந்நாடு தன் இலச்சினையில் பொறித்திருக்கிறது.

வெப்பமண்டலப் புயலுக்கு உணவு வெதுவெதுப்பான கடல். கடல்நீரின் வெப்பம் 26 டிகிரி செல்சியஸைத் தாண்டியிருக்கும் இடங்களில் நீராவி மிகுதியாக மேலெழுகிறது. அது குளிர்ந்து மேகமாகும்போது தன்னுள் அடங்கிய வெப்பத்தை வெளிவிடுகிறது. அவ்வெப்பத்தால் காற்று மேலும் உயர, கீழே அழுத்தம் குறைகிறது. அவ்விடத்தை நோக்கிச் சுற்றிலுமிருந்து காற்று பாய்கிறது. பூமியின் சுழற்சி அதைச் சுழலச் செய்கிறது. 2015 மார்ச் மாதத் தொடக்கத்தில் சாலமன் தீவுகளுக்குக் கிழக்கே இவ்வாறு திரண்ட தாழ்வழுத்தம், மார்ச் 9 அன்று 'பாம்' என்னும் பெயரைப் பெற்றது. மூன்றே நாட்களில் அது ஐந்தாம் வகைப் புயலாக வலுத்தது. 13-ஆம் தேதி இரவில், தலைநகர் போர்ட் விலா அமைந்துள்ள எஃபாட்டே தீவை ஒட்டிக் கடந்து, தெற்கேயுள்ள எரோமாங்கோ, தன்னா தீவுகளைத் தாக்கியது. காற்றின் வேகம் மணிக்கு 250 கிலோமீட்டரை எட்டியது.

வீடுகளின் கூரைகள் பறந்தன, தோட்டங்கள் தரைமட்டமாயின, கிணறுகளும் நீர்த்தொட்டிகளும் கெட்டன. நாட்டு மக்களில் பாதிக்கு மேற்பட்டோர் பாதிக்கப்பட்டனர். சேதமும் இழப்பும் நாட்டின் ஓராண்டு உற்பத்தி மதிப்பில் 60 விழுக்காட்டைத் தாண்டின. புயலின் மையம் நெருங்காத துவாலு நாட்டின் தாழ்ந்த பவளத் தீவுகளையும் அதன் பேரலைகள் மூழ்கடித்தன. அவ்வேளையில் வனுவாட்டுவின் குடியரசுத் தலைவர் பால்ட்வின் லான்ஸ்டேல், பேரிடர் ஆபத்தைக் குறைப்பது பற்றிய ஐக்கிய நாடுகளின் மாநாட்டிற்காக ஜப்பானின் செண்டாய் நகரில் இருந்தார். அவர் ஓர் ஆங்கிலிக்கன் குருவானவர். தம் மக்களைவிட்டுத் தொலைவில் நின்று, அவர்களுக்காக அவர் உலகத்தாரிடம் உதவி வேண்டினார்.

இத்தனை அழிவிலும் அந்நாட்டில் மரித்தவர்கள் 20 பேருக்கும் குறைவே. அந்த ஒவ்வோர் உயிருக்காகவும் ஒரு குடும்பம் அழுதது என்பதை மறவாதிருப்போம். எனினும் அப்பெருங்காற்றில் இன்னும் எத்தனையோ பேர் மடிந்திருக்கக்கூடும். அவ்வாறு நேராததன் காரணங்களைக் கவனியுங்கள். வானிலைத் துறையினர் வானொலியிலும் கைபேசிக் குறுஞ்செய்தியிலும் இடைவிடாமல் எச்சரித்தனர். மக்கள் உறுதியான ஆலயங்களுக்கும் பள்ளிகளுக்கும் சென்று அடைக்கலம் புகுந்தனர். தன்னா தீவில் பலர், முன்னோர் கற்றுத்தந்த முறையில் தரையோடு தாழ்ந்த கூரையுடன் கட்டிய குடில்களுக்குள் ஒடுங்கிக்கொண்டனர்.

இதனை அற்புதம் என்று அழைக்கலாமா? நான் தயங்காமல் அழைப்பேன். ஆயினும் நம்முடைய சபைகளில் சிலர், முன்னேற்பாடு செய்வதை அவிசுவாசம் என்று எண்ணுகிறார்கள். "ஆண்டவர் காப்பார், நான் வீட்டைவிட்டு வரமாட்டேன்" என்று சொல்லும் முதியோரைப் புயல் எச்சரிப்பின் நாட்களில் நான் சந்தித்திருக்கிறேன். அவர்களுக்கு அப்போஸ்தலர் நடபடிகள் 27-ஆம் அதிகாரத்தையே வாசித்துக் காட்டுவேன். பயணம் ஆபத்தானது என்று பவுல் முன்னமே எச்சரித்தார். நூற்றுக்கு அதிபதியோ மாலுமியின் சொல்லையே நம்பினான். கப்பலும் சரக்கும் போயின. தேவன் தமது இரக்கத்தால் 276 பேரையும் கரைசேர்த்தார். அந்த இரக்கத்தைப் பற்றிய வாக்குத்தத்தத்தைப் பெற்றிருந்த பவுலே, கப்பலாட்கள் கப்பலில் தங்கவேண்டும் என்றும், எல்லோரும் உணவு உண்ணவேண்டும் என்றும் வலியுறுத்தினார். வாக்குத்தத்தம் அவரைச் சும்மா இருக்க விடவில்லை.

கரையேறினவர்களுக்கு மெலித்தா தீவார் நெருப்பு மூட்டிக் குளிர்காய வைத்ததையும் அடுத்த அதிகாரத்தில் வாசிக்கிறோம். காற்று ஓய்ந்த பின்னரே பசி தொடங்குகிறது. வனுவாட்டுவில் மீண்டும் நட்ட கிழங்குகள் விளையப் பல மாதங்கள் ஆயின. அதே ஆண்டின் பிற்பகுதியில் எல் நினோவினால் வறட்சியும் வந்தது. செய்தித்தாளிலிருந்து ஒரு தீவின் பெயர் மறைந்த பிறகும் அதற்காக ஜெபிப்பதும் கொடுப்பதும் நம் கடமை.

பிரியமானவர்களே, அடுத்த எச்சரிப்பு வருமுன் மூன்று காரியங்களைச் செய்யுங்கள். உங்கள் தெருவில் தனித்து வாழும் முதியவர் யார், அவரை யார் அழைத்து வருவார் என்பதை இன்றே பேசி முடிவு செய்யுங்கள். குடிநீரும் மருந்தும் ஆவணங்களும் எடுத்துச் செல்லும்படி ஒரே பையில் இருக்கட்டும். நம் ஆலயத்தின் சாவி, இரவில் எந்நேரமும் கிடைக்கும்படி இருவரிடத்தில் இருக்கட்டும். இவற்றைச் செய்துவிட்டு முழங்காற்படியிடுவோம். அந்த ஜெபமும் விசுவாசமே, அந்தச் சாவியும் விசுவாசமே.