மூன்றாவது சூரியன்

சுவிற்சர்லாந்தில், லெமான் ஏரியின் வடகரையிலே, லொசான் நகருக்குக் கிழக்கே லவோ என்னும் மலைச்சரிவு இருக்கிறது. 1992ஆம் ஆண்டு, புலம்பெயர்ந்து வந்த புதிதில், புரட்டாதி மாதமொன்றில் அங்கே திராட்சை கொய்யும் கூலியாளாகச் சென்றேன். யாழ்ப்பாணத்தில் நாம் முந்திரிகை என்போம். அது பந்தலிலே படரும், நிழலில் நின்று கொய்யலாம். லவோவிலோ படிப்படியாக ஏறும் செங்குத்துச் சரிவில் முதுகு வளைத்தே கொய்ய வேண்டும்.

"எங்களுக்கு மூன்று சூரியன்கள்" என்றார் தோட்டக்காரர். வானத்துச் சூரியன் ஒன்று. ஏரி நீரிற் பட்டுத் தெறிக்கும் ஒளி இரண்டாவது. பகலெல்லாம் வெயிலைக் குடித்து இரவிலே வெப்பத்தை உமிழும் கற்சுவர் மூன்றாவது. சரிவு தெற்கு நோக்கியதாதலால் மூன்றும் கொடியைச் சேர்கின்றன.

அங்கே விளையும் ஷசலா இனத் திராட்சைக்குத் தனக்கென உரத்த வாசனை இல்லை. ஆகவே அது மண்ணின் குணத்தை மறைப்பதில்லை. செங்குத்தான டெசலேயின் வைன் திடமானது. ஆண்டுகள் செல்லத் தேனின் சாயல் பெறுவது. அருகிலுள்ள கலமினோ பண்டைய மண்சரிவு குவித்த களிநிலம். அதன் வைனுக்கு வேறு முகம்.

நிலத்தின் மகிமை என்று வியப்போர் பலர். நானும் வியந்தேன். ஆனால் அந்நிலத்தை ஆக்கியவர் யார்? 12ஆம் நூற்றாண்டளவில் துறவிகளின் மடங்கள் சரிவைத் திருத்தின. பின்னர் தலைமுறை தலைமுறையாகக் குடியானவர்கள் கல்லடுக்கிக் காத்தனர். மழை அரித்து அடிவாரம் சேர்த்த மண்ணை முதுகுக் கூடைகளிற் சுமந்து மீண்டும் மேலேற்றினர். மூன்றாவது சூரியன் இயற்கை தந்ததன்று. மனிதர் முதுகு தந்தது.

அன்று மாலை எனக்கும் ஒரு கிண்ணம் வைன் தந்தார்கள். வாயில் வைத்ததும் ஐயாவின் நினைவு வந்தது. வலிகாமம் வடக்கிலே சுண்ணக்கற் பாறையை உடைத்து, வண்டி வண்டியாகச் செம்மண் கொணர்ந்து பரப்பி, அவர் ஒரு தோட்டத்தை உண்டாக்கினார். 1990இல் போர் எம்மை அங்கிருந்து துரத்தியது. தோட்டத்தை மீண்டும் காணாமலே ஐயா கண்மூடினார்.

லவோவில் கட்டடங்கள் பெருகாது காக்க 1977இல் வோ மாநில மக்கள் வாக்களித்தனர். 2007இல் யுனெஸ்கோ அதை உலக மரபுரிமை என ஏற்றது. நல்ல செயல்தான். ஐயாவின் செம்மண்ணுக்கு அத்தகைய பட்டயம் எதுவும் இல்லை. அதனால் அதை ஆக்கியவரின் உரிமை குறைந்துவிடுமா?