மண்ணரை குளக்கரையில் ஒரு லென்ஸின் விலை

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணிக்கு மண்ணரையில் மெஷின் சத்தம் அடங்கியிருக்கும். மற்ற ஆறு நாட்களும் அப்படியல்ல. திருப்பூர் ஊத்துக்குளி சாலையின் இந்தப் பகுதியில் எந்தச் சந்துக்குள் நுழைந்தாலும் ஓவர்லாக், பேட்லாக், பவர் டேபிள் என்று ஏதாவது ஒன்று ஓடிக்கொண்டே இருக்கும். சனிக்கிழமை சாயங்காலம் வாரச் சம்பளம், மறுநாள் லீவு. லீவு நாளில் கறிக்கடைக்குப் போகிறவர்கள்தான் அதிகம். ஆனால் தோளில் கேமரா பையை மாட்டிக்கொண்டு மூளிக்குளம் பக்கம் வண்டியைத் திருப்புகிற சிலரும் இருக்கிறார்கள்.

மண்ணரை தனி ஊராட்சியாக இருந்து 2011-இல் திருப்பூர் மாநகராட்சியோடு சேர்ந்த ஊர். நொய்யல் பக்கத்தில், மூளிக்குளம் ஊருக்குள். இதே சாலையில் கிழக்கே இன்னும் சில கிலோமீட்டர் போனால் சர்க்கார் பெரியபாளையம் வரும். தொல்லியல் துறை பாதுகாக்கிற பழைய சுக்ரீஸ்வரர் கோயில் அங்கேதான். அதற்கு அருகில் விரிந்து கிடக்கிறது நஞ்சராயன் குளம். சுமார் 126 ஹெக்டேர். தமிழ்நாட்டின் 17-வது பறவைகள் சரணாலயம். 2024 ஆகஸ்டில் ராம்சார் பட்டியலிலும் இடம்பிடித்துவிட்டது. புள்ளிமூக்கு வாத்து, நாமக்கோழி, முக்குளிப்பான் எல்லாம் வீட்டு ஆட்கள். குளிர்காலத்தில் இமயமலையைத் தாண்டி வருகிற பட்டைத்தலை வாத்து விருந்தாளி.

விருந்தாளி கரைக்கு அருகில் வந்து உட்காராது. குளத்தின் நடுவில்தான் இறங்கும். அதைப் படம் பிடிக்க செல்போன் போதாது, பெரிய லென்ஸ் வேண்டும். புதிதாக வாங்கினால் ஆறு இலக்க விலை. வாரச் சம்பளக்காரருக்கு அது எட்டாது. ஆகவே பறவை பார்க்கிறவர்களுக்குள் பொருட்கள் கை மாறுகின்றன. தீபாவளி போனஸில் வாங்கியதை ஜூன் மாதப் பள்ளிக்கூட ஃபீஸுக்காக விற்கிறவர் உண்டு. புதிய மாடலுக்குப் போகப் பழையதைத் தள்ளுகிறவரும் உண்டு. விற்கிறவரும் வாங்குகிறவரும் ஒரே குளக்கரைக்காரர்கள். அடுத்த ஞாயிறும் பக்கத்தில் பக்கத்தில்தான் நிற்க வேண்டும். சிக்கல் அங்கேதான்.

ஓர் உதாரணத்துக்கு இப்படி வைத்துக்கொள்வோம். மண்ணரைப் பனியன் கம்பெனி ஒன்றில் ஐம்பது வயதுக் கட்டிங் மாஸ்டர். ஆறு வருடத்துக்கு முன் ஒரு லட்சம் கொடுத்து ஒரு லென்ஸ் வாங்கியவர். இப்போது கழுத்து வலி, தூக்க முடியவில்லை. அதே கம்பெனியில் செக்கிங்கில் இருக்கும் இளைஞர் கேட்கிறார். “அண்ணா, எனக்கே குடுத்துருங்க. என்ன விலைன்னு நீங்களே சொல்லுங்க.”

என்ன விலை சொல்வது?

மாஸ்டர் மனதில் முதலில் ஓடுவது அந்த ஒரு லட்சம். போட்ட காசு என்பதால் அது பெரிதாகத் தெரியும். ஆனால் ஆறு வருடம் அந்த லென்ஸ் அவருக்குப் படம் கொடுத்திருக்கிறது. அந்தச் சுகத்துக்கான காசையும் சேர்த்து இன்னொருவரிடம் வாங்க முடியாது. தவிர, சந்தையும் அதே இடத்தில் நிற்பதில்லை. 2018-இல் நிக்கானும் கேனானும் கண்ணாடி இல்லாத கேமராக்களுக்கென்று புதிய லென்ஸ் வரிசைகளைத் தொடங்கின. அதன் பிறகு பழைய வகைக்குப் பழைய மவுசு இல்லை. கேமரா உடல் வேகமாக விலை இறங்கும். லென்ஸ் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும், அவ்வளவுதான்.

கணக்கு இன்றைய சந்தையில்தான் தொடங்க வேண்டும். நல்ல நிலையில் உள்ள இப்படியொரு லென்ஸைப் பழைய கேமரா கடைக்காரர் 38,000-க்கு எடுத்து 54,000-க்கு விற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். இடையில் இருப்பது கடை வாடகை, அவர் கொடுக்கிற சில மாத உத்தரவாதம், அவருடைய லாபம். மாஸ்டருக்குக் கடை வாடகையும் இல்லை, உத்தரவாதம் கொடுக்கப்போவதும் இல்லை. ஆக 54,000 கேட்பது நியாயமில்லை. 38,000-க்குத்தான் தர வேண்டும் என்றும் இல்லை. நடுவில் 46,000. இருவருக்குமே கடையைவிட 8,000 லாபம்.

இத்தோடு முடிந்தால் இது வெறும் கூட்டல் கழித்தல். ஆனால் மாஸ்டருக்கு மட்டும் தெரிந்த ஒரு விஷயம் இருக்கிறது. லென்ஸின் பின்பக்கத்தில் செல்போன் டார்ச்சை அடித்து முன்பக்கம் வழியே சாய்வாகப் பார்த்தால், உள்ளே சிலந்தி வலை போல மெல்லிய இழை தெரியும். பூஞ்சை. மழைக்காலத்தில் பையோடு பீரோவுக்குள் வைத்ததன் பலன். ஏற்றுமதிப் பெட்டிக்குள் போடுகிற சிலிக்கா ஜெல் பொட்டலம் நான்கைப் பைக்குள் போட்டிருந்தாலாவது தப்பித்திருக்கலாம். திருப்பூரில் இருந்துகொண்டு அதற்குப் பஞ்சமா? சாதாரண வெளிச்சத்தில் எடுத்த படத்தில் இந்தக் குறை தெரியவே தெரியாது. சூரியனுக்கு எதிரே எடுத்தால்தான் படம் வெளிறும். சுத்தம் செய்யலாம். ஆனால் நாள்பட்ட பூஞ்சை கண்ணாடியின் மேல்பூச்சையே அரித்திருந்தால் தடம் முழுக்கப் போகாது.

சொல்வதா, வேண்டாமா?

சட்டம் இந்தக் கேள்வியைக் குதிரையை வைத்து யோசித்திருக்கிறது. 1872-ஆம் வருடத்து இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 17-வது பிரிவு மோசடி என்றால் என்ன என்று விளக்குகிறது. குறையுள்ள குதிரையை ஒருவர் ஏலத்தில் விற்கிறார், குறையைப் பற்றி வாயே திறக்கவில்லை. அது மோசடி ஆகாது என்கிறது சட்டம். வாங்குகிறவன் பார்த்து வாங்கட்டும். அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடித் திருவிழாக் குதிரைச் சந்தைக்குப் போனவர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்காது. அங்கே சுழி பார்க்காமல், பல்லைப் பார்க்காமல், நடத்திப் பார்க்காமல் யாரும் குதிரை வாங்குவதில்லை. மாட்டுச் சந்தையிலோ துண்டுக்குள் கையை விட்டு விரலைப் பிடித்தே விலை பேசி முடிப்பார்கள். பக்கத்தில் நிற்பவனுக்குக்கூட விலை தெரியாது.

ஆனால் அதே பிரிவில் அடுத்த உதாரணம் வேறு மாதிரி. வாங்குவது விற்பவரின் சொந்த மகள், இப்போதுதான் மேஜர் ஆனவள். அப்போது குறையைச் சொல்ல வேண்டியது அவர் கடமை. அதற்கும் அடுத்தது இன்னும் சுவாரசியம். ‘நீங்கள் மறுத்துச் சொல்லாவிட்டால் குதிரை நன்றாக இருக்கிறது என்றே எடுத்துக்கொள்வேன்’ என்கிறார் வாங்குபவர். விற்பவர் பேசாமல் இருக்கிறார். அந்த மௌனம் பேச்சுக்குச் சமம்.

செக்கிங் தம்பி யார்? ஏலத்தில் நிற்கும் அந்நியரா, மகள் ஸ்தானமா?

‘நீங்களே சொல்லுங்க’ என்று அவர் சொன்னபோதே பாதி பதில் வந்துவிட்டது. மீதியைக் குளக்கரைப் பழக்கமே சொல்லும். கடையில் வாங்கினால் அந்த இளைஞர் டார்ச் அடிப்பார், கவுண்டர்மீது வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார், பில் கேட்பார். மாஸ்டரிடம் அதைச் செய்யமாட்டார். ‘அண்ணாவைச் சந்தேகப்படுவதா’ என்று கை வராது. மரியாதை அவருடைய கண்ணைக் கட்டிவிடுகிறது. பார்த்து வாங்கட்டும் என்ற சட்டம், பார்க்க முடிகிறவனுக்குத்தான் பொருந்தும். அவர் பார்க்கமாட்டார் என்று தெரிந்த பிறகு, அவருக்காகவும் சேர்த்துப் பார்க்க வேண்டியது விற்பவர்தான்.

இந்த ஊருக்கு இது புதிதும் அல்ல. செக்கிங் மேஜையில் ஒவ்வொரு பனியனும் விரிக்கப்படுகிறது. ஓட்டை, கறை, தையல் விட்ட இடம் எதுவானாலும் அந்த இடத்தில் ஒரு ஸ்டிக்கர். சரிசெய்ய முடியாதது செகண்ட்ஸ். காதர்பேட்டைக்குப் போனால் செகண்ட்ஸ் என்று சொல்லியே விற்பார்கள், செகண்ட்ஸ் என்று தெரிந்தே வாங்குவார்கள். குறைக்கு ஒரு பெயர், அந்தப் பெயருக்கு ஒரு விலை. யாருக்கும் வருத்தமில்லை. ஸ்டிக்கரை உரித்துவிட்டு நல்ல சரக்கோடு சேர்த்தால்தான் சண்டை.

ஸ்டிக்கரை உரித்தால் என்ன ஆகும் என்பதற்கு நொய்யலே சாட்சி. சாயத்தண்ணீரின் செலவு ரொம்பக் காலம் பனியன் விலைக்குள் வரவில்லை. ஆற்றோடு போனது. 1992-இல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் அது தேங்கியது. கீழே இருந்த விவசாயிகள் அந்தச் செலவைத் தங்கள் நிலத்தில் சுமந்தார்கள். 2011-இல் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச்சொன்ன பிறகுதான், சுத்திகரிப்புக்கான காசு சாயக்கூலிக்குள் முழுதாக ஏறியது. லென்ஸில் ஒளிந்திருக்கும் பூஞ்சையோடு இதை ஒப்பிடுவது கொஞ்சம் அதிகம்தான். ஆனால் கணக்கு ஒரே வகை. விலையில் சேராத செலவை யாரோ ஒருவர் கீழே நின்று கட்டுகிறார்.

கேமரா உடலில் ஒளிந்திருக்கும் எண் வேறு. நிக்கான் டி500, கேனான் 7டி மார்க் 2 போன்றவற்றின் ஷட்டர் 2,00,000 கிளிக் வரை சோதிக்கப்பட்டது என்பது கம்பெனிக் கணக்கு. கேட்கப் பெரிய எண். ஆனால் இரண்டுமே நொடிக்கு 10 படம் எடுப்பவை. விரலை எடுக்காமல் அழுத்தினால், கணக்குப்படி ஐந்தரை மணி நேரத்தில் ஆயுள் தீரும்! ஒரு கல்யாண ஆல்பக்காரரின் கேமராவும், பறக்கிற வாத்தைத் துரத்திய கேமராவும் வெளியே ஒரே பளபளப்பில் இருக்கலாம். ‘கம்மியாத்தான் யூஸ் பண்ணினேன்’ என்பதற்குப் பதில் அந்த எண்ணைச் சொல்லிவிடுவது நல்லது.

இன்னொரு சங்கடமும் உண்டு. அடுத்த மாதம் புதிய மாடல் வருகிறது, பழையதன் விலை சரியும் என்று விற்பவருக்குத் தெரியும். சொல்ல வேண்டுமா? இதற்கும் அதே 17-வது பிரிவில் உதாரணம் இருக்கிறது. இருவரும் வியாபாரிகள் என்றால், விலை மாறப்போவதைச் சொல்லக் கடமை இல்லை. வியாபாரிகள் என்றால்தான். குளக்கரையில் நிற்பவர்கள் தங்களை அப்படி நினைத்துக்கொள்வதில்லை. அதனால்தான் பின்னால் தெரியவரும்போது அவ்வளவு கசக்கிறது.

எல்லாப் பாரத்தையும் விற்பவர் தலையில் வைப்பதும் சரியல்ல. கணவர் இறந்த பிறகு பீரோவிலிருந்து கேமராவை எடுத்து, “இதுக்கு என்ன வரும் தம்பி?” என்று கேட்கிற அம்மாவிடம் எல்லாம் தெரிந்தவர் வாங்குபவர்தான். அங்கே வாயைத் திறக்க வேண்டியவரும் அவர்தான். ஃபீஸ் கட்ட நாளை கடைசி நாள் என்று தெரிந்துகொண்டு பத்தாயிரம் குறைத்துக் கேட்பதும் பேரம்தான், ஆனால் அவரை அடுத்த ஞாயிறு பார்க்க முகம் இருக்காது. ‘நம்ம பையன்’ என்று குறைத்துக் கொடுத்ததை, இரண்டே வாரத்தில் வெளியூர்க்காரருக்குச் சந்தை விலையில் தள்ளுகிறவர்களும் உண்டு. அவரிடம் மாஸ்டர் விட்டுக்கொடுத்தது காசை அல்ல, ஒரு பையன் பறவை பார்க்கட்டும் என்ற ஆசையை.

ரொம்பவும் குறைத்துக் கொடுப்பதிலும் தொல்லை இருக்கிறது. சும்மா போலக் கொடுத்தால் வாங்கியவர் கடன்பட்டவர் ஆகிவிடுவார். பழுது வந்தால் சொல்லக் கூச்சம். பிடிக்கவில்லை என்றால் விற்கவும் முடியாது. நியாயமான விலை வாங்கினால்தான் பொருள் அவருடையதாகும்.

ஆக, மாஸ்டரின் கணக்கு இப்படி வரலாம். 46,000-இலிருந்து பூஞ்சை எடுக்கிற கூலிக்கு ஒரு 4,000 கழித்தால் 42,000. கையில் 22,000. மீதி 20 வாரத்துக்குச் சனிக்கிழமைதோறும் ஆயிரம், வட்டி கிடையாது. லென்ஸைக் கையில் கொடுக்கும் முன் டார்ச்சை அவரே அடித்துக் காட்டுகிறார். “இங்க பாருங்க தம்பி, நூல் மாதிரி. வெயிலுக்கு நேரா எடுத்தா வெளுக்கும். ரெண்டு ஞாயித்துக்கிழமை வெச்சுப் பாருங்க. புடிக்கலைன்னா திருப்பிக் குடுத்துருங்க.”

இரண்டாவது ஞாயிறு, நஞ்சராயன் குளம். கிழக்கே வெயில் ஏறிவிட்டது. நடுக்குளத்திலிருந்து பட்டைத்தலை வாத்துக் கூட்டம் ஒன்று எழும்பி, நேரே சூரியன் பக்கமாகப் போகிறது. தம்பி விடாமல் அழுத்துகிறார். பிறகு கேமரா திரையைக் கையால் மறைத்துக்கொண்டு பார்க்கிறார். இருபது படங்களில் பதினெட்டு வெளிறிக் கிடக்கின்றன. கழுத்தில் பட்டை போட்டுக்கொண்டு பக்கத்தில் நிற்கும் மாஸ்டர் எட்டிப் பார்க்கிறார்.

“சொன்னனில்ல தம்பி, அதுதான்.”

“தெரியுமுங்ண்ணா. இந்த ரெண்டையும் பாருங்க.”