பெரிய ஆண்மீனைத் திரும்ப விடுங்கள்

மினியாபொலிஸிலிருந்து வடமேற்காகக் காரில் மூன்றரை மணி நேரம் போனால் பார்க் ராபிட்ஸ். அந்த ஊர் இருக்கும் ஹப்பர்டு மாவட்டத்தில் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஏரிதான். இங்கே ஆலிஸ் ஏரியில் 1948-இல் சிக்கிய 2 பவுண்டு 13 அவுன்ஸ் புளூகில் என்ற நன்னீர் மீன்தான் அந்த இனத்தில் மினசோட்டா மாநிலத்தின் சாதனை. உள்ளங்கை அகலத்துக்கு வளர்ந்தாலே பெரிது என்று சொல்லப்படும் மீனுக்கு, ஏறக்குறைய 1.3 கிலோ என்பது அசுர வளர்த்தி!

பனிக்கட்டி உருகியதும் வடகரையை ஒட்டிய ஆழமில்லாத குடாக்கள்தான் முதலில் சூடேறும். மீனும் அங்கேதான் முதலில் வரும். வாய் சிறியது, அதனால் சின்ன முள், அதில் ஒரு துண்டு மண்புழு, மேலே சிறு தக்கை போதும்.

மே கடைசியில், தண்ணீர் 20 டிகிரி செல்சியஸைத் தொடும்போது முட்டையிடும் பருவம் தொடங்குகிறது. இடுப்பளவு நீரில், மணலும் சரளையும் கலந்த தரையில், வட்டவட்டமாக வெளிறிய குழிகள் நெருக்கமாகத் தெரியும். ஒவ்வொன்றின் மேலும் ஓர் ஆண்மீன்: செவுள் மூடியின் நுனியில் கருநீலப் பொட்டு, மார்பு முழுக்கச் செம்மஞ்சள். வாலால் விசிறியே அந்தக் குழியைப் பறித்திருக்கும். பெண்மீன் முட்டையிட்டுவிட்டுப் போய்விட, காவல் முழுக்க ஆணுடையது. கிட்டே வரும் எதையும் பாய்ந்து கவ்வும். தூண்டில்காரருக்கு இதைவிட எளிய வேட்டை வேறு கிடையாது.

ஆபத்தும் அங்கேதான். காவலன் போனதும் மற்ற மீன்கள் முட்டைகளைத் தின்றுவிடும். பெரிய ஆண்கள் குறைந்த ஏரியில் இளம் ஆண்கள் சீக்கிரமே பருவமடைந்து, உடல் வளராமல் சிறுத்தே நின்றுவிடுகின்றன. கூடு காக்கும் பெரிய மீனைப் பிடித்த கையோடு தண்ணீரில் விடுவதுதான் நியாயம். மாநில அரசும் நாளொன்றுக்கு 20 மீன் என்ற பொது வரம்பைப் பல ஏரிகளில் 10 என்றும் 5 என்றும் குறைத்திருக்கிறது.

சமையலுக்கு மீன் வேண்டுமா? ஜூலை, ஆகஸ்டில் போகலாம். அப்போது பெரியவை ஆழத்துக்கு நகர்ந்து, நீர்ச்செடிகள் முடியும் ஓரத்தில் நிற்கும். காலையிலும் அந்தி நேரத்திலும் படகிலிருந்து இரையை மெல்ல இறக்க வேண்டும். வறுக்க நடுத்தர அளவு மீன்களே போதும். பெரியவை ஏரியிலேயே இருக்கட்டும்.